குப்புறப் போடும் விரிப்பு

குழந்தைச் சாமான் விற்கும் அந்தக் கடையில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பில் போடும் அக்கா வைத்த பெயர். "காலையில ஷட்டரைத் தூக்கினா ஆன் ஆகுது, சாயங்காலம் இறக்கினாத்தான் நிக்குது. நடுவுல விளம்பரம் வேற" என்பாள். அவனுக்கு இதில் வருத்தமில்லை. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று சின்ன வயதிலிருந்தே அவனைச் சொல்வார்கள். அவனும் பிழைத்துக்கொண்டுதான் இருந்தான்.

கடை, பேருந்து நிலையத்தின் பின்தெருவில் இருந்தது. கீழே பால்புட்டி, துணிமணி, சோப்பு, பவுடர். குறுகலான மரப்படியில் ஏறினால் மாடி. தள்ளுவண்டி, கட்டில், நடைவண்டி, விரிப்பு என்று இடத்தை அடைக்கிற சாமானெல்லாம் அங்கேதான். மாடி முழுக்க அவன் பொறுப்பு. காலையில் வந்ததும் தள்ளுவண்டிச் சக்கரங்களைத் துடைப்பான். விரிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, உதறி, மறுபடி சுருட்டுவான். மழைக்காலத்தில் இது இரட்டை வேலை. ஈரம் ஏறிய காற்றில் நுரை விரிப்புகளின் வாடை தூக்கலாக அடிக்கும். சன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் வாடை. வருகிற கூட்டத்தின் குடைகளிலிருந்து சொட்டும் தண்ணீரைப் படி நெடுக அவன்தான் துடைக்க வேண்டும்.

குழந்தையைக் குப்புறப் போட்டுப் பழக்குங்கள், கழுத்தும் தோளும் உறுதிப்படும் என்று ஆஸ்பத்திரி நர்சுகள் எல்லாத் தாய்மாரிடமும் சொல்லி அனுப்ப ஆரம்பித்ததிலிருந்து விரிப்புக்குக் கிராக்கி. எழுத்துப் போட்ட சதுரத் துண்டுகளைக் கோத்து விரிப்பது ஒன்று. புத்தகம்போல மடிவது ஒன்று. பஞ்சு வைத்துத் தைத்து, மேலே வளைவு கட்டி, அதில் குருவியும் யானையும் சின்னக் கண்ணாடியும் தொங்குவது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல்தட்டில், இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்து இறக்க வேண்டிய தடித்த நுரை விரிப்பு. அதை விற்பதற்கென்று அவன் ஒரு வித்தை வைத்திருந்தான். விரிப்பைத் தரையில் பரப்பி, சட்டைப் பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, நின்ற வாக்கிலேயே கைவிடுவான். முட்டை ஒரு துள்ளுத் துள்ளிப் படுத்துக்கொள்ளும். "முட்டைக்கே ஒண்ணும் ஆகலைன்னா உங்க பிள்ளைக்கு என்ன ஆகப்போகுது?" என்பான். அது மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டை என்பது பில் போடும் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அது சின்னப் பொய். அதைவிடப் பெரியது ஒன்றும் இருந்தது.

ஆரம்பத்தில் "எங்க அக்கா பையன் இதுலதான் தலை தூக்கினான்" என்று சொல்லி விற்பான். அவனுக்கு அக்காவே கிடையாது. ஒருநாள் வாய் தவறி "எங்க பையன்" என்று வந்துவிட்டது. வந்ததும் அதுவே நன்றாக இருந்தது. அந்தச் சமயம் அவன் மனைவிக்குக் கரு கலைந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சாப்பிடுவார்கள், தட்டைக் கழுவுவார்கள், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுப்பார்கள். காலையில் அவன் வந்து அந்த மரப்படி ஏறினால், மாடியில் அவனுக்கு ஒரு மகன் இருந்தான். அந்த மகன் விரிப்பில் குப்புறப் படுத்தான், பத்தே நாளில் தலை தூக்கினான், கவிழ்ந்தான், தவழ்ந்தான். கேட்கிறவர்களின் முகம் மலர மலர அவன் இன்னும் கொஞ்சம் வளர்ந்தான்.

பிறகு உண்மையாகவே மகள் பிறந்தாள். மாடியிலிருந்த மகன் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனான்.

அவன் மனைவி, ஓட்டல் விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் மடிப்பு வேலை செய்பவள். பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தாள். மகளுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் போடச் சொல்லியிருந்தார்கள். மழைக் குளிரில் தரை சில்லென்று இருக்க, பிள்ளை வயிறு பட்டதுமே வீரிட்டது.

"ஊருக்கெல்லாம் மேட் விக்கிறீங்க. நம்ம வீட்டுல பிள்ளை தரையில கெடந்து கத்துது" என்றாள்.

"நாளைக்கே கொண்டாரேன்."

"வேணாம். நானே வந்து பார்த்து எடுக்கிறேன்."

அவனுக்குச் சந்தோஷம். "வா, வா. உன் புருஷன் எப்படி விக்கிறான்னு ஒரு தடவை பார்க்க வேணாமா?"

மறுநாள் மழை சற்று வெறித்த நேரத்தில் அவள் பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். பில் போடும் அக்கா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "வாய் யார் மாதிரி? அப்பனை மாதிரி இல்லையே? பொழைச்சோம்" என்றாள். சிரித்துக்கொண்டே அவள் படி ஏறினாள்.

மேலே அவன் ஒரு தம்பதிக்கு முட்டை வித்தை காட்டிக்கொண்டிருந்தான். முட்டை துள்ளிப் படுத்தது. தம்பதி அசந்துபோனார்கள். தள்ளுவண்டிகளுக்கு நடுவில் நின்ற அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையில் அவள் கையால் அவித்துக் கொடுத்த முட்டை அது. அவர்கள் விரிப்பை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனதும், "அடப்பாவி மனுஷா, இதுக்குத்தான் தினமும் ஓடு உரிக்காமக் குடுன்னு கேக்குறீங்களா?" என்று சிரித்தாள்.

"வித்தையும் ஆச்சு, மத்தியானம் வயித்துக்கும் ஆச்சு. இரு, ஒண்ணொண்ணா இறக்குறேன்."

அவன் நாலைந்தை இறக்கி விரித்தான். அவள் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு மண்டியிட்டாள். ஒவ்வொரு விரிப்பிலும் உள்ளங்கையால் நீவினாள், குனிந்து தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள்.

"இது நாத்தம் அடிக்குது."

"புதுசு. காத்தாடப் போட்டா போயிடும்."

"இந்த எழுத்துப் போட்டது?"

"அது துண்டு துண்டாக் கழட்டலாம். வாயில வெச்சுக் கடிச்சிரும்."

"குருவி தொங்குறது அழகா இருக்கு. ஆனா குப்புறக் கெடக்குற பிள்ளைக்கு மேல தொங்குறது எப்படிங்க தெரியும்?"

அவன் சிரித்தான். இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "அது பிள்ளைக்காகச் செஞ்சது இல்லடி, வாங்குறவங்களுக்காகச் செஞ்சது" என்றான். அவள் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். கல்யாணமான இத்தனை நாளில் இரண்டு பேரும் இப்படிச் சேர்ந்து தரையில் உட்கார்ந்து சிரித்தது குறைவு.

அப்போதுதான் படியில் கால் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒரு படிக்கு ஒரு தரம் நின்று ஏறி வந்தாள் ஒரு பெண். தோளில் ஒரு பிள்ளை. ஒரு வயதுக்கு மேல் இருக்கும். கால்கள் நீளமாகத் தொங்கின. தலை மட்டும் பச்சைப் பிள்ளையின் தலைபோல அவள் கழுத்து மடிப்பில் சரிந்து கிடந்தது. அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"தம்பி, என்னை ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு முகம் ஞாபகம் வரவில்லை. கைதான் ஞாபகம் வந்தது. மீன் உறையவைக்கும் குளிர்கிடங்கில் வேலை பார்ப்பவள். விரல்நுனிகள் வெளுத்து, தோல் உரிந்து இருக்கும். போன மழைக்காலத்தில் கணவனோடு வந்திருந்தாள். அஞ்சு மாதமாகியும் பிள்ளை தலை தூக்கவில்லை, டாக்டரிடம் காட்டட்டுமா, இல்லை விரிப்பு வாங்கிப் போட்டுப் பழக்கினால் சரியாகுமா என்று கேட்டாள். கேட்டது அவனைத்தான்.

"வாங்கக்கா" என்றான்.

"உங்ககிட்டதான் வந்தேன். உங்க கை ராசியான கை." அவள் தரையில் இருந்தவளைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "வீட்டுக்காரம்மாவா? இது ரெண்டாவதா?" முகமெல்லாம் சிரிப்பாக அவன் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெரியவன் நடக்குறானா தங்கச்சி?"

அவன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "எந்தப் பெரி..."

"நடக்குறான், நடக்குறான்க்கா" என்று அவன் முந்திக்கொண்டான். "நடையா அது, ஓட்டம்தான். பிடிக்க முடியல."

இப்படி வரும் என்று அவனே நினைக்கவில்லை. வாய் தன் பாட்டுக்குப் பேசிவிட்டது. மனைவியின் பார்வை தன் மேல் இருப்பது தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நல்லா இருக்கட்டும்" என்றாள் அந்தப் பெண். "அவன் பேரைச் சொல்லித்தான் தங்கச்சி நான் நாளைத் தள்ளுறேன். அவனும் லேட்டாத்தானே தலை தூக்கினான்? தம்பி சொல்லுச்சு. ஆறு மாசம் வரைக்கும் அப்படியே கெடந்தான், இந்த மேட்டுல போட்டுப் பத்தே நாள்ல சரியாப் போச்சுன்னு. நாங்களும் போட்டோம். பத்து நாள், இன்னும் பத்து நாள்னு போச்சு. அவசரப்படாதே, தம்பி வீட்டுப் பிள்ளையும் இப்படித்தானேன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அப்புறம் நாலு மாசம் கழிச்சுக் காய்ச்சல்னு போனப்பதான் டாக்டர் பார்த்துட்டு, ஏம்மா இவ்வளவு லேட்டுன்னு கத்தினாரு."

"சீக்கிரம் வந்திருந்தா சரியாகியிருக்குமா?" என்று கேட்டாள் அவன் மனைவி. குரல் அடங்கியிருந்தது.

"அதைத்தான் நானும் கேட்டேன். சொல்ல முடியாதும்மா, கொஞ்சம் மேலா இருந்திருக்கலாம்னாரு. அந்தக் கொஞ்சத்துக்கு எங்க வீட்டுல இன்னிக்கு வரைக்கும் எனக்குத் திட்டு. நீதான் போட்டு வெச்சு நாளைக் கடத்தினேன்னு எங்க வீட்டுக்காரர் சோத்துல கை வைக்கும்போதெல்லாம் சொல்லுவாரு." அவள் பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்தாள். "இப்ப பயிற்சி குடுக்குறாங்க. அந்தப் பழைய மேட் மெத்துன்னு அமுங்குதாம், கை ஊணினா உள்ள போயிடுதாம். கெட்டியா வேற வாங்கச் சொல்றாங்க. நீங்களே பார்த்துக் குடுங்க தம்பி. உங்க பையன் எந்த மாசம் உட்கார்ந்தான்?"

"எட்டு... எட்டு மாசம்க்கா."

"பிடிச்சுக்காமயா?"

"ஆமா."

"பார்த்தியா" என்று அவள் தன் பிள்ளையின் காதில் சொன்னாள். "அண்ணன் எட்டு மாசத்துல உட்கார்ந்தானாம். நீயும் உட்காருவே."

அவன் மனைவி எழுந்தாள். அவன் கையிலிருந்து மகளை வாங்கினாள். பிடுங்கவில்லை, பக்குவமாக, தலைக்குக் கீழே கை கொடுத்து வாங்கினாள். "நான் கிளம்புறேன்க்கா, மழை வருது" என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லிக்கொண்டு படி இறங்கினாள்.

"ஏன், எதுவும் எடுக்காமப் போகுது?" என்றாள் அந்தப் பெண்.

கெட்டி விரிப்பு அவன் தலைக்கு மேலேயே தட்டில் இருந்தது. அதை இறக்கிக் கொடுக்க அவனால் முடியவில்லை. எடுத்தால் அதைப் பற்றி ஏதாவது பேச வேண்டும். "கெட்டி மேட் சரக்கு வரலைக்கா, அடுத்த வாரம் வந்துரும்" என்றான். அதுவும் பொய்யாகவே போனது. குறுகின படியில் அவளுக்கு முன்னால் இறங்கி, வாசல் வரை குடை பிடித்துக் கொண்டுபோய் விட்டான். அவள் வீடு எங்கே என்று கேட்டான். துறைமுகக் குடியிருப்பு, குளிர்கிடங்குக்கு எதிர்க் கட்டடம், மேல்மாடி என்றாள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது மனைவி சோறு வடித்து வைத்திருந்தாள். சாப்பாடு போட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து அவனே ஆரம்பித்தான்.

"வியாபாரத்துல இதெல்லாம் சகஜம். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம், ஒரு பொய் சொல்லி மேட் விக்கக் கூடாதா?"

அவள் அவன் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

"நான் டாக்டர்கிட்ட போகாதேன்னா சொன்னேன்? அவங்களா போகாம இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"எப்பலேருந்து அவன் இருக்கான்?" என்றாள்.

"யாரு?"

"அந்தப் பெரியவன்."

அவன் சுவரைப் பார்த்தான். வெளியே ஓட்டின் மேல் மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"எனக்குக் கலைஞ்சப்பவா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே நீங்க. ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்து விட்டுட்டு மறுநாளே கடைக்குப் போயிட்டீங்க. இவருக்கு ஒண்ணுமே இல்ல போலன்னு நெனச்சேன். இவரு அங்க போய் ஊருக்கெல்லாம் பிள்ளைக் கதை சொல்லிட்டு இருந்திருக்காரு. நடந்தானாம், உட்கார்ந்தானாம்." அவள் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். "நம்மகிட்ட இல்லாத பிள்ளையைக் காட்டி, இருக்கிற பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க விடாமப் பண்ணிட்டீங்களேங்க."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். காது மடல் சுட்டது. யாரோ சட்டையை உரித்துத் தெருவில் நிறுத்திவிட்டதுபோல உடம்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திட்டியிருந்தால்கூட ஏதாவது எதிர்த்துச் சொல்லியிருப்பான்.

"நானும் வாயை மூடிட்டுத்தானே இருந்தேன்" என்றாள் அவள். "அவ முன்னாடி உங்களைக் காட்டிக் குடுக்க முடியல. எனக்கும் அதுல பங்கு வந்துருச்சு. போங்க. போய் அந்த மனுஷன்கிட்டச் சொல்லுங்க. அவ மேல தப்பு இல்லைன்னு சொல்லுங்க. அதைச் சொல்லாம இந்த வீட்டுக்குள்ள அந்தக் கடை மேட் ஒண்ணும் வர வேணாம்."

கடை விடுமுறை நாளில் அவன் துறைமுகக் குடியிருப்புக்குப் போனான். தெருவெல்லாம் மீன் கழுவிய தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து ஓடியது. மேல்மாடிக்குப் படி ஏறும்போது இரண்டு தரம் திரும்பிவிடலாமா என்று நின்றான். கதவு திறந்தே இருந்தது. அவள் கணவன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், பனியனோடு தரையில் உட்கார்ந்து பொரித்த மீனும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல கனத்த ஆள். பக்கத்தில் அந்தப் பழைய விரிப்பு; அதன் மேல், நெஞ்சுக்கடியில் சுருட்டிய துண்டு வைத்துக் குப்புறக் கிடந்தான் பையன்.

"யாரு?"

"கடையிலேருந்து வந்திருக்கேண்ணே. மேட் வாங்குனீங்களே."

உள்ளேயிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "அட, தம்பி! சரக்கு வந்துருச்சா? வீடு தேடியே வந்துட்டீங்களே. இவர்தாங்க அந்தக் கடைத் தம்பி. உட்காருங்க. சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடு தம்பி" என்றார் அவரும்.

"இல்லண்ணே. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடுறேன்."

நின்றுகொண்டே சொன்னான். நாள் முழுக்கப் பேசுகிறவன் அவன். இதைச் சொல்ல வார்த்தை தேட வேண்டியிருந்தது. தனக்கு மகனே கிடையாது என்றான். அன்றைக்குத் தனக்குப் பிள்ளையே இல்லை என்றான். பத்து நாளில் தலை தூக்கும் என்பது தான் வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டது, எல்லோரிடமும் அதையேதான் சொல்வது என்றான். "அக்கா அன்னைக்கு டாக்டர்கிட்ட காட்டட்டுமான்னு என்னைத்தான் கேட்டாங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா போக விடாத மாதிரிச் சொன்னேன். அவங்க மேல தப்பு இல்லண்ணே."

அவர் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்திருக்கவே இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உன்னைக் கேட்டது அவ. ஆனா உன்கிட்டக் கூட்டிட்டு வந்தது நான்."

அவர் பையனைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு இவ பஸ்ஸுக்குப் புறப்பட்டதே ஆஸ்பத்திரிக்குத்தான். நான்தான், ஆஸ்பத்திரியில என்னத்தையாவது சொல்லித் தொலைச்சிருவாங்க, முதல்ல ஒரு மேட் வாங்கிப் போட்டுப் பார்ப்போம்னேன். எனக்கு அங்க போகப் பயமா இருந்துச்சு. நீ சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு தம்பி." கையிலிருந்த சோற்றைத் தட்டில் உதறினார். "அப்புறம் அவ தலையில போட்டுட்டேன்."

அவள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். ஈரக் கையைத் துடைக்கத் துணியை எடுத்தவள் துடைக்காமலே அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் கணவனைப் பார்க்கவில்லை. அவனிடம்தான் வந்தாள்.

"அப்ப அவன் இல்லையா?"

"இல்லக்கா."

"எட்டு மாசத்துல உட்கார்ந்தது?"

"இல்லக்கா."

"இதை எதுக்கு இப்ப வந்து சொன்னீங்க?" என்றாள். கத்தவில்லை. "டாக்டர் கத்தினப்ப, இவர் கத்தினப்ப, பஸ்ஸுல எல்லாரும் எம்பிள்ளையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறப்ப, எனக்கு அவன் ஒருத்தன்தானே இருந்தான். அவனும் இப்படித்தான் கெடந்தான், இப்ப ஓடுறான்னு. அன்னைக்குப் பொய்யைக் குடுத்துட்டுப் போனீங்க. இன்னைக்கு அதையும் எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

மன்னிச்சிருங்கக்கா என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் திரும்ப ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றுவதா என்று விழுங்கிக்கொண்டான்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க? இத்தனை மாசமா என்னைச் சொன்னீங்க. நானும் சரி, நம்ம புத்திதான் கெட்டுப்போச்சுன்னு நம்பிட்டேன். நான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டதே எனக்கு மறந்துபோச்சு. அவ்வளவு சொல்லியிருக்கீங்க."

"ஏய், நான்..."

"ரெண்டு பேரும் வெளிய போங்க. பிள்ளைக்குப் பயிற்சி குடுக்குற நேரம்."

கிரேன்காரர் எச்சில் கையோடு எழுந்தார். இரண்டு ஆண்களும் வெளியே வந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் பையனோடு பேசுகிற குரலும், அவன் முனகுவதும், தரையில் ஒரு பொம்மையைத் தட்டுகிற சத்தமும் கேட்டன. படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த குழாயில் அவர் கையைக் கழுவினார். கழுவின கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு, எதிரே தெரிந்த குளிர்கிடங்கின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மழை விடாது போல" என்றார்.

"ஆமாண்ணே."

"குடை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போ."

வீட்டில் மனைவி கேட்டாள், "என்ன சொன்னாங்க?"

"வெளிய போகச் சொன்னாங்க."

"ம்" என்றாள். நடந்ததையெல்லாம் அவன் ஒன்று விடாமல் சொன்னான். அவள் கேட்டாள். அதன் பிறகு, ஒன்றரை வருஷம் கழித்து, அந்தக் கலைந்துபோன பிள்ளையைப் பற்றி இரண்டு பேரும் பேசினார்கள். அதிகமில்லை. பையனாக இருக்கும் என்று எப்படி நினைத்தீர்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றான். எனக்குப் பெண்ணென்று தோன்றியது என்றாள்.

விரிப்பு வாங்கும் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. சலவைக்கூடத்தில் கூட வேலை செய்கிறவள், ஓட்டலில் கழித்துக்கட்டிய கனத்த மெத்தை உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதை நாலாக மடித்துத் தரையில் போட்டு, மகளை அதன் மேல் குப்புறப் போட்டாள். பிள்ளை அழுதது. அழுதுகொண்டே கையை ஊன்றப் பார்த்தது. அவன் எதிரே படுத்துக்கொண்டு நாக்கைச் சொடுக்கினான். சில நாளில் மகள் தலையைத் தூக்கி, யாரடா இது என்பதுபோல அவனையே பார்த்தாள். மனைவி கைதட்டினாள். அவனுக்குச் சந்தோஷம் வந்த அதே நொடியில், சாத்திய கதவுக்கு உள்ளே கேட்ட அந்தப் பொம்மைத் தட்டும் சத்தம் நினைவில் வந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

கடையில் அவன் பேச்சுக் குறைந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் சொல்வான். முட்டையைக் கொண்டுவருவதை நிறுத்தினான். "ரேடியோ ரிப்பேரா? பேட்டரி மாத்தணுமா?" என்று பில் போடும் அக்கா கேட்டுப் பார்த்தாள். முதலாளியம்மாள் ஒருநாள் மேலே வந்து, தட்டுகளில் அசையாமல் கிடந்த விரிப்புகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை நல்லதாச் சொன்னாத்தானேப்பா எடுப்பாங்க?" என்றாள். சொல்றேம்மா என்றான்.

மழைக்காலம் முடியப்போகிற நேரத்தில், ஒரு மதியம், அவள் வந்தாள். இந்த முறை கணவனும் கூட வந்தார். பிள்ளை அவர் தோளில் இருந்தான். தலைக்குப் பின்னால் அவருடைய பெரிய கை இருந்தது.

"கெட்டியா இருக்கிறது எல்லாத்தையும் இறக்குங்க" என்றாள்.

அவன் ஏணி போட்டு ஏறி இறக்கினான். விரித்தான். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவன் பேச ஆரம்பிப்பான். அவள் எதுவும் கேட்கவில்லை. எது நல்லது என்று கேட்கவில்லை, எது நாள்பட உழைக்கும் என்று கேட்கவில்லை, உறையைத் துவைக்கலாமா என்றுகூடக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் மேலும் முழங்காலால் அழுத்திப் பார்த்தாள். முஷ்டியை ஊன்றித் தன் கனத்தையெல்லாம் இறக்கி, எவ்வளவு குழிகிறது என்று பார்த்தாள். பிறகு கணவனிடம், "படுக்க வைங்க" என்றாள்.

அவர் பையனைக் குப்புறப் படுக்கவைத்தார். அவள் அவன் முழங்கைகளை மடித்துத் தோளுக்கு நேராக வைத்தாள். பையனின் தலை விரிப்பில் கிடந்தது. பிறகு மெல்ல, ஏதோ பெரிய பாரத்தைக் கிளப்புவதுபோல, நெற்றி மட்டும் எழும்பியது. நடுங்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள். அடுத்த விரிப்பில் போட்டுப் பார்த்தாள். அதற்கடுத்ததில் போட்டாள். அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். கடையில் அத்தனை நாளில், அத்தனை விரிப்பு விற்றும், ஒரு பிள்ளையை அவற்றில் போட்டு அவன் பார்த்ததில்லை.

"இது" என்றாள்.

அவன் சுருட்டிக் கயிறு கட்டினான். கிரேன்காரர் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினார். அவள் பிள்ளையைத் தோளில் சரிசெய்துகொண்டு பின்னாலேயே போனவள், முதல் படியில் நின்றாள்.

"உங்க பாப்பா தலை தூக்கிட்டாளா?"

இன்னும் இல்லக்கா என்ற பதில் அவன் நாக்கில் தயாராக வந்து உட்கார்ந்திருந்தது. எவ்வளவு சுலபமான பதில். அதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும், அவனுக்கும் இந்தக் கூச்சம் கொஞ்சம் குறையும். யாருக்கும் நட்டமில்லை. அவள் தோளில் சரிந்து கிடந்த தலையை அவன் பார்த்தான்.

"தூக்கிட்டாக்கா" என்றான்.

"எப்ப?"

"நாலு மாசத்துல. இப்ப கவிழ்றா."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கவிழ்ற பிள்ளையைக் கட்டில்ல தனியா விடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டு, ஒரு கையால் பிள்ளையின் தலையையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.